ஒரு ராத்தல் தானியம்: ‘போதும்’ என்று சொல்வது யார்?



பண்டிதர் அயோத்திதாசரை நாம் இதழாளராக, பௌத்த மறுமலர்ச்சியாளராக, வரலாற்றைத் திருப்பி வாசித்தவராக நினைவுகூர்ந்து வருகிறோம். அவர் சித்த மருத்துவர் என்பதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். 1845-இல் பிறந்த அவர், தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது முப்பது வயதைத் தாண்டியவர். பின்னாளில் அவரும் அவருடைய சபையும் கேட்ட உரிமைகளில் தரிசு நிலம் இருந்தது, பொதுக் குளத்திலும் கிணற்றிலும் நீரெடுக்கும் உரிமை இருந்தது, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி இருந்தது. நாடி பிடித்துப் பார்க்கும் ஒருவர் நிலத்தையும் நீரையும் கேட்டது தற்செயல் அல்ல என்று நாம் கருதுகிறோம். அதனால் அவர் நினைவில் நிகழும் இந்த உரையில் சோற்றைப் பற்றிப் பேசுவோம்.

சோற்றில் என்ன சத்து இருக்கிறது, அதை உடல் என்ன செய்கிறது என்பது பள்ளிப் பாடம். அந்தப் பாடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு மனிதன் உயிர் வாழவும் உழைக்கவும் எவ்வளவு உணவு போதும் என்ற கேள்வி, வயிறு நிறைந்தவர்களை வைத்து ஆராயப்பட்ட கேள்வி அல்ல. பசித்தவர்களின் உடல்மீது, அதுவும் நம்முடைய முன்னோர்களின் உடல்மீது, இந்த மாகாணத்தில் அது சோதிக்கப்பட்டது. ‘போதும்’ என்ற சொல்லைத் தின்றவன் சொல்லவில்லை, அளந்து போட்டவன் சொன்னான். இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

1877: அளவு குறைந்த கதை

1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னை, பம்பாய் மாகாணங்களும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களும் காய்ந்தன. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது. அதே மாதம் வைசிராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்சப் பகுதிகளுக்குத் தன் தூதராக அனுப்பினார். நிவாரணச் செலவைக் குறைப்பதுதான் அவருக்கு இடப்பட்ட பணி.

டெம்பிளின் முன்கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்து மக்களைக் காப்பாற்றினார். சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. அரசுப் பணத்தை அள்ளி இறைத்தவர் என்ற வசைதான் கிடைத்தது. அந்தப் பெயரைத் துடைக்க அவருக்கு ஒரு வாய்ப்பு தேவைப்பட்டது. சென்னை மாகாணத்துப் பட்டினி அந்த வாய்ப்பானது.

நிவாரண வேலைக்களத்தில் மண் வெட்டிச் சுமக்கும் ஆணுக்கு அதுவரை நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் தானியம் என்ற கணக்கில் கூலி இருந்தது. டெம்பிள் அதை ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் கூடவே கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. வரலாற்றில் இதற்கு ‘டெம்பிள் கூலி’ என்று பெயர்.

ராத்தல் என்பது 454 கிராம். அத்தனையும் அரிசியாகவே கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் அதில் சுமார் 1,600 கலோரி வெப்ப ஆற்றலும் முப்பது கிராமை ஒட்டிய புரதமும்தான் இருக்கும். கடின உழைப்புச் செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3,500 கலோரி தேவை என்று இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. பாதி கூட இல்லை. மீதமிருந்த சில்லறையில் பஞ்ச விலைக்கு உப்பும் மிளகாயும் விறகும் வாங்கியாக வேண்டும்.

உடல் தன்னையே தின்பது

இந்த இடத்தில் கொஞ்சம் உடலியல் பேச வேண்டும். நாம் சாப்பிடும் மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. மிச்சத்தை ஈரல் சிறிதளவு சேமித்து வைக்கிறது. சாப்பிடாமல் இருந்தால் அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு உடல் கொழுப்பை எரிக்கும். மூளைக்கோ முதலில் குளுக்கோஸ்தான் வேண்டும். கொழுப்பிலிருந்து குளுக்கோஸை உடலால் போதிய அளவு உண்டாக்க முடியாது. எனவே தசையில் உள்ள புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்கிறது. நாள் செல்லச் செல்ல மூளை கொழுப்பிலிருந்து வரும் வேறு எரிபொருளுக்குப் பழகிக்கொள்ளும். ஆனாலும் தசை கரைவது நிற்பதில்லை. கைத்தசை, தொடைத்தசையோடு இதயத்தின் தசையும் மெலிகிறது. குடலின் உட்சுவரும் மெலிகிறது. பட்டினி என்பது காலி வயிறு மட்டும் அல்ல. உடல் தன் சொந்த வீட்டின் மரத்தை வெட்டி அடுப்பெரிப்பது.

1877-இல் இவ்வளவு விளக்கமாகத் தெரியாது. ஆனாலும் ஒருவர் எதிர்த்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1860களிலேயே இந்த மாகாணத்து மக்களின் உணவையும் சிறைக் கைதிகளின் உணவையும் ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். உழைக்கும் மனிதனுக்கு ஒரு ராத்தல் தானியம் என்பது மெல்லக் கொல்லும் அளவு என்பது அவர் வாதம். வெறும் அரிசியில் நைட்ரஜன் சத்து, அதாவது இன்று நாம் புரதம் என்று சொல்வது, போதாது. ஒன்றரை ராத்தல் தானியத்தோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் கேட்டார்.

அவர் சொன்னதை இன்றைய அறிவியல் இன்னும் நுட்பமாகச் சொல்லும். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் ஒன்பதை உடலால் உண்டாக்கிக்கொள்ள முடியாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் சேரும்போதுதான் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். டெம்பிள் அளந்த ராத்தலில் பருப்புக்கு இடமில்லை.

கார்னிஷின் எதிர்ப்பும், வேலைக்களங்களில் எலும்பும் தோலுமாகத் திரிந்தவர்களின் காட்சியும் சேர்ந்து, 1877 மே மாதத்தில் சென்னை அரசைக் கூலியை உயர்த்த வைத்தன. பம்பாய் மாகாணத்தில் இந்தக் கூலியை ஏற்க மறுத்துத் தொழிலாளர்கள் வேலையை விட்டே வெளியேறினார்கள். ஆனால் அளவு உயர்ந்தபோது பல உடல்களுக்குக் காலம் கடந்துவிட்டது.

எப்படி என்பதை ராயபுரம் சொல்கிறது. அங்கே பஞ்ச நிவாரண முகாமின் மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான சடலங்களை அறுத்துப் பார்த்துக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் 1889-இல் சென்னையில் நூலாயின. குடல் சுவர்கள் மெலிந்து தேய்ந்திருந்தன. அப்படிப்பட்ட குடலுக்குள் நல்ல உணவு போனாலும் அது செரிக்காது, சத்து இரத்தத்தில் ஏறாது, வயிற்றுப்போக்காக வெளியேறிவிடும். உணவைக் கண்ட பிறகும் மக்கள் செத்த காரணம் இதுதான். அந்த வட்டாரத்தில் இருந்த மணியக்காரர் சத்திரமே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம். வடசென்னையின் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அந்தப் பெயருக்குள் ஊற்றப்பட்ட கஞ்சியின் நினைவு இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசின் பஞ்ச ஆணையமே கணித்தது. சேலம் மாவட்டத்தில் 1871-இல் எண்ணப்பட்டதைவிட 1881-இல் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைவாக எண்ணப்பட்டார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்க் கால்வாய் அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதற்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

அதே ராத்தல், வேறு உடல்கள்

அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1944-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு பரிசோதனை செய்தார். போருக்குப் போக மனச்சான்றின்படி மறுத்த 36 இளைஞர்கள் தாங்களே முன்வந்தார்கள். இருபத்துநான்கு வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவு தரப்பட்டது. கவனியுங்கள், டெம்பிளின் ராத்தலும் இதே அளவுதான். அவர்கள் மண் சுமக்கவில்லை. வாரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் நடந்தார்கள், சிறு வேலைகள் செய்தார்கள். பக்கத்திலேயே மருத்துவர்கள் இருந்தார்கள்.

என்ன நடந்தது? உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போனது. இதயத் துடிப்பு தளர்ந்தது. காலில் நீர் கோத்தது. எப்போதும் குளிர் அடித்தது. சிரிப்பும் நட்பும் வாசிப்பும் போயின. பேச்செல்லாம் சோறாயிற்று, கனவெல்லாம் சோறாயிற்று. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரித்து வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். மீண்டும் உடம்பு தேற 2,000 கலோரி போதவில்லை, அதைப் போல இரு மடங்கு தேவைப்பட்டது.

மாணவத் தோழர்கள் இதை ஆழமாக யோசிக்க வேண்டும். சேரிக்காரன் மந்தமானவன், சோம்பேறி, எதிலும் ஆர்வமில்லாதவன், எந்நேரமும் சோற்று நினைப்பு உள்ளவன் என்று காலனி அதிகாரிகளும் மிராசுதார்களும் நம்மைப் பற்றி எழுதியதையும் பேசியதையும் படித்திருக்கிறோம். நன்கு படித்த, நன்கு வளர்ந்த, வெள்ளைத்தோல் அமெரிக்க இளைஞர்களுக்கு ஆறே மாதம் அந்த அளவில் சோறு போட்டதும் அதே மந்தமும் அதே சோற்று நினைப்பும் அவர்களுக்கும் வந்தன. சாதியின் குணம் என்று நம்மீது ஏற்றப்பட்டது பட்டினியின் அறிகுறி.

ராத்தலுக்கு முந்திய படி

பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் யார்? நிலமில்லாதவர்கள், சேமிப்பில்லாதவர்கள், அன்றன்றைய கூலித் தானியத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். தாது வருஷம் வருவதற்குத் தலைமுறைகள் முன்பிருந்தே பண்ணையாளின் வயிறு மிராசுதாரின் மரக்காலால் அளக்கப்பட்டு வந்தது. டெம்பிள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அளப்பவன் கையில் அளவு இருக்கும் ஒரு முறை இங்கே ஏற்கெனவே இருந்தது. அவர் அதற்கு அரசாணை எழுதினார்.

பிழைத்தவர்களில் பலர் கப்பலேறினார்கள். 1877-இல் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் எண்ணிக்கை பெருகியது. காப்பிக்காகப் போனவர்களின் பிள்ளைகள் தேயிலை பறித்தார்கள். அந்தத் தேயிலை பற்றி ஒரு சத்துணவுச் செய்தி: உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் ஏற விடாது. ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பாடாகிப் போனவர்களின் இரத்தத்தில் அந்தத் தோட்டத்தின் கணக்கு இருக்கிறது.

1891-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பணியாற்றிய டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மை, கடன், பண்ணை அடிமைத்தனம் என்று அவர் அடுக்கியவை எல்லாம் சுற்றிச் சுற்றிச் சோற்றில் வந்து முடிகின்றன. அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த ஆணையே நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. அந்த நிலம் எப்படிக் கைமாறியது, யார் கையில் இருக்கிறது என்பது நம் இயக்கங்கள் அறிந்த கதை. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். பஞ்சமி நில மீட்பு என்பது சத்துணவுக் கோரிக்கையும்கூட. தன் நிலத்தில் கேழ்வரகு விதைத்தவன் எவ்வளவு போதும் என்பதைத் தானே முடிவு செய்வான்.

1968-இல் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல். டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அரைப்படி என்பது பிள்ளைகளின் தட்டில் கூடுதலாக ஒரு கை சோறு. ஆனால் மிராசுதார்களுக்கு அது வேறாகத் தெரிந்தது. அளக்கும் உரிமை கைமாறுகிறது என்று அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். கொன்றதும் அதற்காகத்தான்.

எலிகளுக்குச் சாதி இல்லை

மீண்டும் அறிவியலுக்கு வருவோம். 1918-இல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற இராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தவிடு நீக்கித் தீட்டிய பச்சரிசியையே உண்பவர்களுக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் கிடைக்காமல் நரம்பும் இதயமும் கெடுவதுதான் பெரிபெரி. மாகாணத்தின் வடக்கே, தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் அது மிகுதி. நெல்லைப் புழுக்கிக் குத்தும் பகுதிகளில் குறைவு. புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடும். நம் வீட்டுப் பெண்கள் அண்டாவில் நெல் அவித்தபோது நடந்த வேதியியல் அது.

1920களில் அவர் ஒரே இனத்து எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு மக்களின் உணவை அவற்றுக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. வங்காள, சென்னை மாகாண ஏழைகளின் அரிசி உணவைத் தின்றவை கடைசியில் நின்றன. பிரிட்டிஷ் இராணுவம் ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்திருந்த காலம் அது. மெக்காரிசன் அந்தக் காலத்தின் மனிதர்தான். ஆனால் அவருடைய கூண்டுகள் அவர் நினைத்ததைவிட அதிகம் சொல்லிவிட்டன. எல்லாம் ஒரே இனத்து எலிகள். வித்தியாசம் பிறப்பில் இல்லை, தட்டில் இருந்தது. எலிகளுக்குச் சாதி இல்லை என்பதால் உண்மை ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று.

அந்த ஓரறை ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

நம் அடுப்பு அறிந்தது

அளந்து போட்ட தானியத்தில் இல்லாததை நம் மக்கள் எங்கே தேடினார்கள்? வயல் வரப்பில் நண்டு, நத்தை. வாய்க்காலில் அயிரை. மழை விட்ட மாலையில் ஈசல். வேலியோரத்தில் முருங்கைக் கீரை, பண்ணைக் கீரை. மேட்டுக்காட்டில் கம்பு, கேழ்வரகு. அறுத்த மாட்டின் ஈரல், குடல், இரத்தம். இவற்றைத் தின்றதற்காகவே நம்மை இழிவு செய்தார்கள்.

ஆய்வுக்கூடம் இவற்றை எப்படி எடைபோடுகிறது? நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. மாட்டிறைச்சியில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம், ஒன்பது அமினோ அமிலங்களும் நிறைவாக. இரும்புச் சத்து இரண்டு வகை. இறைச்சியிலும் இரத்தத்திலும் ஈரலிலும் உள்ள ஹீம் இரும்பை உடல் எளிதில் உறிஞ்சும். தானியம், கீரையில் உள்ள மற்ற வகையில் பெரும்பகுதி ஏறாமலே போகும். அதைக் கொஞ்சம் ஏற்றிவிட எலுமிச்சையோ நெல்லியோ, ஒரு துண்டு கறியோ கருவாடோ கூடவே வேண்டும். பி12 வைட்டமின் இயற்கையில் விலங்கு உணவில்தான் உண்டு. இரத்தப் பொரியலை அருவருப்பு என்றவர்களின் பிள்ளைகளுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது இரும்பு மாத்திரையும் பி12 ஊசியும்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நம் உணவை வெறுமனே கொண்டாடிவிட முடியாது. அதில் ஒரு பகுதி தேர்ந்தெடுத்தது அல்ல, திணிக்கப்பட்டது. 1927-இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் கூடிய மாநாடு, செத்த மாட்டின் இறைச்சியை உண்பதைக் கைவிடுமாறு மக்களைக் கேட்டது. ஊர் தூக்கியெறிந்ததை உண்பது சத்துக் கணக்கில் எப்படி இருந்தாலும் மானக் கணக்கில் நட்டம் என்பதுதான் அதன் பொருள். அதே மானத்தின் பெயரால்தான் இன்று மாட்டிறைச்சி உண்ணும் உரிமையை நாம் கேட்கிறோம். இரண்டுக்கும் முரண் இல்லை. என் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன் என்பதே இரண்டின் சாரமும்.

சிறிய உடல் போதுமாம்

டெம்பிள் போய்விட்டார், அவருடைய தருக்கம் போகவில்லை. 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், ஏழை நாடுகளில் குட்டையாக வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ‘சிறியவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்கள்’ என்றார். குறைந்த உணவுக்கு உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் என்று நம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மேயும் வாதிட்டார். அப்படியானால் ஊட்டமின்மை இந்தியாவில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை, செலவும் வேண்டாம்.

இதை உறுதியாக எதிர்த்தவர் சி. கோபாலன். தாதுப் பஞ்சத்தில் நொறுங்கிய அதே சேலத்தில் பிறந்தவர், குன்னூரில் ஆய்வு செய்தவர், ஐதராபாத் நிறுவனத்தை வழிநடத்தியவர். சிறியது நல்லது என்பது ஏழைகளுக்கு மட்டும்தானா, பணக்காரர்கள் தம் பிள்ளைகளுக்கு இதை ஏற்பார்களா என்பது அவருடைய கேள்வியின் சாரம். குட்டையான உடல் ஒரு தகவமைப்பு அல்ல, வளர்ச்சி நின்றுபோன தழும்பு. வளர வேண்டிய பருவத்தில் புரதமும் துத்தநாகமும் ஆற்றலும் கிடைக்காத உடல் முதலில் உயரத்தை விட்டுக்கொடுக்கிறது. பிறகு உழைக்கும் ஆற்றலை. குட்டையான தாய்க்கு எடை குறைந்த பிள்ளை. தாது வருஷத்தின் பசி இப்படித்தான் தலைமுறை தாண்டுகிறது.

2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பட்டியல் சாதிப் பிள்ளைகளில் 39 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதியோ பழங்குடியோ பிற்படுத்தப்பட்டோரோ அல்லாத வீடுகளில் அது ஏறத்தாழ 30. தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பெண்ணியமும் தலித் அரசியலும் சேர்ந்து பேச வேண்டிய எண் இது. மாதவிடாயில் இழக்கும் இரும்பைத் திரும்பக் கொடுக்கும் உணவு, கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டில் மிஞ்சுவதில்லை.

சத்துக்கு இன்னொரு எதிரியும் உண்டு. அசுத்த நீரும் கழிப்பறையில்லாத தெருவும் குடலை ஓயாமல் புண்ணாக்குகின்றன. ராயபுரத்துச் சடலங்களில் போர்ட்டர் கண்ட தேய்ந்த குடலின் மென்மையான வடிவம் இன்றைய சேரிப் பிள்ளைகளின் வயிற்றிலும் இருக்கலாம். அப்போது நல்ல சோறும் முழுதாக உடலில் ஏறாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அதைச் சாதிக் குற்றம் என்கிறோம். பிள்ளைகளின் குடல்மீது தொடுத்த தாக்குதல் என்றும் சொல்ல வேண்டும். அயோத்திதாசரின் காலத்தில் எழுந்த தண்ணீர்க் கோரிக்கை இன்னும் முடியவில்லை.

பள்ளிக்கூடத்துத் தட்டு

இந்த வரலாற்றில் நாம் பெருமைப்பட ஒரு பக்கமும் உண்டு. 1920-இல் தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டது. 1956-இல் காமராசர் அரசு அதை மாநிலமெங்கும் கொண்டுபோனது. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவாகப் பெருக்கியது. 1989-இல் கலைஞர் அரசு தட்டில் முட்டை வைத்தது. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 2010-இல் வாரத்துக்கு ஐந்து. 2022-இல் காலை உணவும் வந்தது.

ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், எல்லா அமினோ அமிலங்களும், ஏ வைட்டமினும் பி12-உம். இந்தியாவின் பல மாநிலங்களில் இன்றும் பள்ளித் தட்டில் முட்டை இல்லை. சைவத்தின் பெயரால் மறுக்கிறார்கள். முட்டை உண்ணும் வீட்டுப் பிள்ளையின் தட்டை முட்டை உண்ணாத சாதியின் ஆசாரம் அளக்கிறது. அளவுகோல்தான் மாறியிருக்கிறது, அளப்பவர் மாறவில்லை.

சமைக்கும் கையையும் அளக்கிறார்கள். பள்ளி உணவுக்குச் சமையலர்களை அமர்த்தும்போது பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2004-இல் ஆணையிட்டது. 2018-இல் நம் திருப்பூர் மாவட்டத்தில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். போராட்டம் எழுந்த பிறகே ஆணை திரும்பப் பெறப்பட்டது. சோற்றிலுள்ள புரதத்துக்கும் இரும்புக்கும் சமைத்தவரின் சாதி தெரியாது. குடல் எந்த அமினோ அமிலத்தையும் சாதி கேட்டு உள்ளே விடுவதில்லை. உடலுக்குத் தெரியாத ஒன்றை ஊர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது, அதுவும் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, உணவு அறிவியலை நாம் எதிரியின் கருவி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1877-இல் டெம்பிளுக்கு எதிராக நின்றது கார்னிஷின் அறிவியல். செக்லருக்கு எதிராக நின்றது கோபாலனின் அறிவியல். கலோரியையும் புரதத்தையும் இரும்பையும் எண்ணத் தெரிந்தவர்கள் நம் பக்கம் இருக்க வேண்டும். மருத்துவமும் ஊட்டச்சத்தியலும் படிக்கும் மாணவர்கள் இதை உங்கள் படிப்பின் பகுதியாகக் கொள்ளுங்கள்.

களத்தில் இருக்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது, குறைந்தபட்சக் கூலியோ ரேஷன் அளவோ விடுதி மாணவருக்கான உணவுப்படியோ எது பேசப்பட்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்பதே. இதை அளந்தது யார்? எந்த உடலை மனதில் வைத்து அளந்தார்கள்? அளந்தவர் இதைத் தின்று ஆறு மாதம் உழைப்பாரா? ஆதிதிராவிடர் நல விடுதியின் சமையலறைக்குப் போங்கள். பருப்பின் எடையையும் முட்டையின் எண்ணிக்கையையும் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். கண்டதை எழுதி வையுங்கள். போர்ட்டர் செத்தவர்களின் குடலைப் பார்த்து எழுதினார். நாம் உயிரோடிருக்கும் பிள்ளைகளின் தட்டைப் பார்த்து எழுதுவோம்.

பக்கிங்காம் கால்வாயைக் கடந்து போகும்போதெல்லாம் அதை வெட்டியவர்களை நினைத்துக்கொள்வோம். அவர்களுக்குப் ‘போதும்’ என்று சொன்ன குரல் அவர்களுடையது அல்ல. சாப்பிட்டு முடித்த நம் பிள்ளை, கைகழுவிக்கொண்டே தன் வாயால் “போதும்மா” என்று சொல்லும் நாள்வரை இந்தக் கணக்கு தீராது.